அருகில் எது என்று கணினி அறிவது எப்படி?
அருகிலுள்ள மருத்துவமனையைக் கைப்பேசியில் தேடினால் நொடியில் விடை கிடைக்கிறது. தரவுத்தளத்தின் ‘இன்டெக்ஸ்’ அதற்குத் துணைநிற்கிறது. நூலின் இறுதியிலுள்ள பொருளடைவு போன்றது அது. வழக்கமான அடைவில் பல தகவல்களைச் சேர்த்தாலும், முதலில் உள்ளதே வரிசையைத் தீர்மானிக்கும். ஊர், பெயர் என அடுக்கிய தொலைபேசிக் கையேட்டில், ஊர் தெரியாமல் பெயரை மட்டும் தேடுவோர் ஒவ்வோர் ஊராகப் புரட்ட வேண்டியதுதான்.

நிலப்படத்தில் இக்குறை பெரிதாகிறது. சென்னையின் மயிலாப்பூர், பெங்களூருவின் ஹெப்பாள், மங்களூருவை அடுத்த சூரத்கல் மூன்றும் ஏறக்குறைய 13 பாகை அட்சரேகையில் உள்ளவை. அட்சரேகையை முதலில் வைத்து அடுக்கினால், மயிலாப்பூர்வாசிக்காகக் கணினி அரபிக்கடல் வரையிலான பதிவுகளையும் பார்த்து விலக்க நேரும்.

1984-இல் ஆன்டொனின் கட்மன் முன்வைத்த ‘ஆர்-மரம்’ வேறு வழியைக் காட்டியது. அருகருகே உள்ள இடங்களை ஒரு செவ்வகத்திலும், அச்செவ்வகங்களை இன்னும் பெரிய செவ்வகத்திலும் அது அடக்குகிறது. தேடும் பகுதியைத் தொடாத செவ்வகத்தைத் திறக்கவே வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் தேடினால் இரண்டையும் திறந்தாக வேண்டும்.

பரிமாணங்கள் பெருகப் பெருக அப்படிப் படிவதே வழக்கமாகி, அடைவு பயனிழக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தேடல்களோ ஒரு வாக்கியத்தை நூற்றுக்கணக்கான எண்களாக்கி ஒப்பிடுபவை. அங்கே பெரும்பாலும் ஏறத்தாழ நெருங்கிய விடைதான் கிடைக்கும்; மிக நெருங்கியது விடுபட்டிருந்தாலும் தேடியவருக்குத் தெரியாது.