வாங்கிப் பாடுபவர்கள்

எங்கள் பாட்டு வகுப்பில் சேர வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் சொல்வது ஒரே வாக்கியம்தான். "எனக்குப் பாடவெல்லாம் வராது, சும்மா ஒரு ஓரமா உட்கார்ந்து கேட்கிறேனே."

எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். பாதிப் பேர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டைப்பிஸ்டாகவோ கிளார்க்காகவோ பம்பாய்க்கு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். மீதிப் பேர் ரிடையரான பிறகு பிள்ளை வீட்டோடு வந்து சேர்ந்தவர்கள். பிள்ளையும் மருமகளும் காலை லோக்கலில் கிளம்பிவிட்டால் ராத்திரி வரை பேச ஆளில்லை. சுனாபட்டியில் (தமிழில் சொன்னால் சுண்ணாம்புக் காளவாய்!) ஒரு சொஸைட்டி ஹாலில் ஞாயிறு மாலை கூடுகிறோம். மாதுங்கா, செம்பூர், தாராவியிலிருந்தும் வருகிறார்கள். பகலில் வங்கிக் கணக்கு பார்க்கிற எனக்கு வாரத்தில் மிகவும் சந்தோஷமான இரண்டு மணி நேரம் இதுதான்.

"பாட வராது" என்கிற இந்தப் பயம் நமக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரொம்பப் பழைய பயம் இல்லை என்றே தோன்றுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் பஜனை சம்பிரதாயத்துக்கு மூன்று பேரை முன்னோடிகளாகச் சொல்வார்கள். கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். இதில் மருதாநல்லூர் சுவாமிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்தவர். தோடய மங்களத்தில் ஆரம்பித்து, ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம், நாமாவளி என்று எதற்குப் பின் எது என்ற வரிசையை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். ஆனால் எனக்கு அந்த வரிசையை விட முறைதான் ஆச்சரியம். பாகவதர் ஒரு வரி கொடுப்பார், கூட்டம் அதை வாங்கிப் பாடும். முதலில் நிதானமாக, பிறகு கொஞ்சம் வேகமாக. ஸ்வரம் தெரிய வேண்டாம், புத்தகம் வேண்டாம், எழுத்துகூடத் தெரிய வேண்டாம். நாலு தடவை வாங்கிப் பாடினால் ஐந்தாவது தடவை பாட்டு உங்களுடையது. வயதானவர்களுக்குச் சொல்லித் தர இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

இது அக்கிரகாரத்துச் சமாசாரம் மட்டும் இல்லை. எங்கள் குழுவில் தாராவியிலிருந்து வரும் அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மார்கழி விடியலில் ஆர்மோனியம், சப்ளாக்கட்டையோடு தெருவைச் சுற்றி வந்த பஜனைப் பாட்டுகள் அவருக்கு இன்னும் மனப்பாடம். தாளத்தில் எங்கள் எல்லோரையும் இழுத்துப் பிடிப்பது அவர் கைதான்.

இன்னொரு சுவாரசியம். 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராட்டியர்கள். அவர்கள் காலத்தில்தான் மராத்தி அபங்கம் நம் பஜனை மடங்களுக்கு நன்றாகப் பழகியது. பின்னால், 1864 வாக்கில், மோர்காவ்கர் புவா என்கிற மராட்டியக் கீர்த்தனக்காரர் தஞ்சாவூர் வந்து தங்க, அவரைக் கேட்டுத்தான் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்நாட்டு ஹரிகதைக்குப் புது வடிவம் கொடுத்தார். அங்கே போன பாட்டை நாம் இங்கே திரும்பக் கொண்டுவந்து பாடுகிறோம்! வாரகரிகள் பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும்போது பாடுவதும் இதே கொடுத்து வாங்கும் முறைதான். அவர்கள் கையில் இருக்கும் ஜால்ராவுக்கு மராத்தியில் 'டாள்' என்று பெயர். ஹிந்திக்காரர்கள் நாக்கில் புரளாத அந்த 'ள' நமக்குச் சுலபம். காய்கறிக்காரியிடம் மட்டும் ஐம்பது வருஷம் மராத்தி பேசிய மாமிகள் அபங்கத்தை அழகாக உச்சரிக்கிறார்கள்.

பிறகு சபாக்கள் வந்தன. சென்னையில் மியூசிக் அகாடமி 1928-இல், இங்கே ஷண்முகானந்தா 1952-இல். ஷண்முகானந்தா ஹால் 1963-இல் திறந்து, 1990-இல் தீப்பிடித்து, 1998-இல் மீண்டும் திறந்தது. பம்பாய்த் தமிழர்களின் பெருமை அது, எனக்கும்தான். ஆனால் மேடையும் மைக்கும் ரேடியோவும் வந்தபோது, வாங்கிப் பாடியவர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்பவர்களாக ஆனார்கள். கூடவே பாடினால் பக்கத்து சீட்காரர் திரும்பி முறைப்பார். மாதுங்காவில் பஜன சமாஜம் போன்ற இடங்கள் இருந்ததால் பழைய பழக்கம் கொஞ்சம் மிஞ்சியது.

பெண்கள் கதை இன்னும் மோசம். பஜனை மடத்திலும் நடுவில் நின்று பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் 1925-இல் சமாதிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்னம்மா. அப்படிப்பட்டவரையே ஆராதனையில் பாட விடவில்லை. பெண்களைச் சேர்த்துத் தனி ஆராதனை நடத்தினார். 1940-களில் எல்லாம் ஒன்றான பிறகுதான், இன்று டிவியில் பார்க்கிறோமே, ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் அந்தப் பஞ்சரத்ன கோஷ்டி நிலைபெற்றது.

எங்கள் பதினெட்டு பேரில் பதினான்கு பேர் பெண்கள். கேட்டால் பல பேர் வர்ணம் வரை கற்றவர்கள், கல்யாணத்தோடு நிறுத்தியவர்கள். அன்று ஐந்தரைக் கட்டையில் பாடியவர்களுக்கு இன்று நாலு கட்டையே ஏற மறுக்கிறது. அதனால் சுருதியை இறக்கிவிட்டோம். மூச்சுக்காக நீள வரியை இரண்டாக வெட்டுகிறேன். பாட்டைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறேன். காது மந்தமானவர்கள் என் வாயைப் பார்க்கும்படி முன்வரிசையில். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி. பரீட்சை கிடையாது, வருடாந்திர மேடையும் கிடையாது.

அமெரிக்காவில் 2001-இல் ஜீன் கோஹன் என்ற மனநல மருத்துவர் ஓர் ஆய்வு தொடங்கினார். வாஷிங்டனில் சராசரி எண்பது வயதுக்காரர்களைச் சேர்ந்து பாட வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பாடாதவர்களைவிட இவர்கள் டாக்டரிடம் போனதும், மருந்து சாப்பிட்டதும், கீழே விழுந்ததும் குறைவு. எங்கள் குழுவில் இதையெல்லாம் அளக்க ஆளில்லை. ஆனால் ஒன்று சொல்ல முடியும்: வாரம் முழுதும் யாரும் ஒரு பதிலும் எதிர்பார்க்காத ஒருவரிடம், இங்கே பதினேழு பேர் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு மாமி, வயது எழுபத்து நாலு, மகனோடு அமெரிக்காவுக்கே போக வேண்டிய நிலை. வீடு காலி செய்கிறார்கள். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, அங்க முன்னாடி பாட யாரும் இருக்க மாட்டா. வரி எப்படிக் கொடுக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடு." இரண்டு மாதம் அதை மட்டுமே பழகினார். எங்கே நிறுத்துவது, கூட்டம் தடுமாறினால் எப்படித் திரும்பப் பிடிப்பது, எப்போது வேகம் கூட்டுவது. வாழ்நாள் முழுக்க வாங்கி மட்டுமே பாடியவர் கொடுக்க, அண்ணாச்சி உட்பட நாங்கள் எல்லோரும் வாங்கிப் பாடினோம். ஒரு வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாலு வீட்டுப் பெரியவர்கள், ஒரு சுருதிப் பெட்டி, ஒரு ஜோடி ஜால்ரா போதும். "பாட வராது" என்றுதான் சொல்வார்கள். முதல் வரியை நீங்கள் கொடுத்துப் பாருங்கள்.