கோப்பியின் வாழ்வும் குடிகளின் வரியும்

பேராதனையிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து கன்னொறுவைக்குச் செல்வோர், இன்று அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலங்களைக் காண்பர். 1638 ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த களம் என்று பாடநூல்கள் அவ்விடத்தை நமக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. அதே கன்னொறுவையில், 1820 களில், தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் தமது சொந்தக் கோப்பித் தோட்டத்தை அமைத்தார் என்பதைப் பலர் அறியார். வரி விதிக்கும் அதிகாரமும் வரிவிலக்கினாற் பயனடையும் தோட்டமும் ஒருவர் கையிலேயே இருந்தன. மலைநாட்டின் வரி வரலாற்றுட் புகுவோர்க்கு இதனினும் தக்க வாயில் வேறில்லை.

பாண்ஸ் கோப்பிக்கு அளித்த சலுகைகள் பலவாகும். அதன் மீதான ஏற்றுமதித் தீர்வையை அவர் நீக்கினார். கோப்பி நிலத்துக்கு நிலவரியினின்று விலக்களித்தார். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரை இராசகாரியத்தினின்று விடுவித்தார். இவற்றிலும் பெரிய உதவி ஒன்றுண்டு. அது கொழும்பையும் கண்டியையும் இணைத்த வீதியாகும். அவ்வீதியை வெட்டியவர்கள் இராசகாரிய முறையின்படி கூலியின்றி அழைக்கப்பட்ட கிராமத்து மக்களே. படைநகர்வுக்கென அமைக்கப்பட்ட வீதி பின்னர் கோப்பி மூடைகளைச் சுமந்தது. திறைசேரிக் கணக்கில் எழுதப்படாத மானியம் என்று இதனைக் கூறுவதில் தவறில்லை. 1833 இல் பேராதனையில் முதிரை மரத்தினால் அமைந்த பாலமும் இவ்வழிக்குத் துணைசெய்தது.

கண்டிக் கிராமத்தவரும் தம் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பி வளர்த்து விற்றனராதலின், தீர்வை விலக்கு அவர்களுக்குச் சிறிதும் பயன்படவில்லை எனல் பொருந்தாது. ஆயினும் நில விடயத்தில் இருசாராரும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1835 இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வையைச் சமமாக்கவே, மலைநாட்டு நிலத்துக்குப் பெரும் போட்டி எழுந்தது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காட்டையும் தரிசையும் பயிரிடப்படாத நிலத்தையும், மறுதலையாக நிரூபிக்கப்படாதவிடத்து, முடிக்குரியனவாகக் கொண்டது. உறுதி என்பதையே அறியாது தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவன் எதனைக் கொண்டு நிரூபிப்பான்? நிலத்தை விற்ற அதிகாரிகளே அதனை வாங்கவும் செய்தனர். 1844 இலேயே ஏக்கரின் விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. நல்ல நிலங்கள் பல அதற்கு முன்னரே கைமாறிவிட்டன.

1847 இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடி கோப்பியின் விலையை வீழ்த்தியது. கடன்பட்டுத் தோட்டம் திறந்தோர் நொடித்தனர், அரசிறையும் குன்றியது. அவ்வாண்டு தேசாதிபதியாக வந்த தொறிங்டன் பிரபு இந்நெருக்கடிக்குக் கண்ட பரிகாரம் ஆராயத்தக்கது. மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்த கோப்பி ஏற்றுமதித் தீர்வை 1848 இல் நீக்கப்பட்டது. அதனால் நேரும் இழப்பை ஈடுசெய்யப் புதிய வரிகள் வந்தன. துவக்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். வள்ளங்களுக்கும் வண்டிகளுக்கும் வேறு. குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமேர்சன் ரெனன்ற் தமது நிதி அறிக்கையில், ஏற்றுமதித் தீர்வையையும் நெல்வரியையும் ஒழித்து, அவற்றுக்குப் பதிலாகப் பொதுவான நிலவரியை விதிக்க வேண்டும் என விதந்துரைத்திருந்தார். அவ்வாறு செய்திருப்பின் ஆயிரம் ஏக்கர் உடையவன் ஆயிரம் ஏக்கருக்கும் இறுத்திருப்பான். தீர்வை நீங்கியது, நெல்வரி நின்றது, நிலவரி வரவேயில்லை.

நாய்வரி என்றதும் இன்று சிரிப்பு வருகின்றது. காட்டோரச் சேனையிற் குரக்கன் விதைத்தவனுக்கு அது சிரிப்புக்குரியதன்று. பன்றியையும் யானையையும் விரட்ட அவனுக்கிருந்த துணை நாயும் பழந்துவக்குமே. ஆட்களையும் உடைமைகளையும் பதிவதற்கு உத்தியோகத்தர் வந்தபொழுது, இனி எதற்கெல்லாம் வரி வருமோ என்ற அச்சம் பரவியது.

இவை யாவற்றிலும் கொடியதாக எனக்குத் தோன்றுவது வீதிச்சட்டமே. பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதியில் உழைத்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். ஐரோப்பியருக்கும் இச்சட்டம் பொருந்துமெனச் சிலர் அரசின் நடுநிலைக்குச் சான்று காட்டுவர். துரைக்கும் மூன்று சிலிங், குடியானவனுக்கும் மூன்று சிலிங் என்பது எத்தகைய நடுநிலை? 1832 இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியம் பதினாறு ஆண்டுகளில் வேறு பெயருடன் திரும்பி வந்ததாகவே கிராமத்தவன் கண்டான். பிக்குமாரையும் முதலில் அச்சட்டம் விலக்கவில்லை.

1848 யூலை 6 ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டு முறையிட்டனர். விளக்கங்கள் கிடைத்தன; வரிகள் நீங்கவில்லை. அம்மாத இறுதியிற் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பட்டான். பின்னர் மாத்தளை தாக்கப்பட்டது. கண்டியில் இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு ஆகத்து 8 ஆம் திகதியும், கடகப்பொலை என்னும் பிக்கு காவி உடையுடனேயே அம்மாதம் 26 ஆம் திகதியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரித்தானியப் பாராளுமன்றக் குழு இவற்றை விசாரித்தது. 1850 இல் தொறிங்டன் பதவி நீங்கினார். நாய், துவக்கு, கடை வரிகள் கைவிடப்பட்டன. வீதிச்சட்டமோ நிலைத்தது. வீதி கோப்பிக்கு வேண்டியிருந்ததன்றோ!

பின்னர் செழிப்பு மீண்டது. 1854 இல் தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் உருவாயிற்று; 1867 இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1869 இல் இலைநோய் தோன்றி, 1880 களிற் கோப்பியை அழித்தது. அப்பொழுதும் 1847 இன் கதையே மீண்டும் நிகழக் காண்கின்றோம். அரசிறை குன்றவே, நிலுவை நெல்வரியை அறவிடுவதில் அரசு கடுமை காட்டியது. கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள வலப்பனையில் வரி இறுக்க இயலாதோரின் வயல்கள் விற்கப்பட்டன, குடும்பங்கள் வெளியேறின. 1884 இல் ஒறியன்ரல் வங்கி முறிந்தபொழுது, அதன் நாணயத் தாள்களுக்குத் தேசாதிபதி கோடன் அரசின் உத்தரவாதத்தை அளித்தார். அது சிறு மக்களையும் காத்த செயலே, குறைகூறுவதற்கில்லை. வலப்பனை வயலுக்கு அத்தகைய உத்தரவாதம் கிடைக்கவில்லை என்பதே குறை. நெல்வரிக்கு எதிராக முன்னின்று வாதாடியவர்களுள் ஒருவர், துரைமார் சங்கத் தலைவராயிருந்த ஜோர்ஜ் வோல் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

நெல்வரி 1892 இல் ஒழிக்கப்பட்டது. அத்துடன் வரலாற்றாசிரியர் பலர் அத்தியாயத்தை முடித்துவிடுகின்றனர். ஆனால் நெல்வரிக்கு இணையாக நின்ற இறக்குமதி அரிசித் தீர்வை ஒழியவில்லை. அவ்வரிசியை உண்டவர் யாவர்? மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து, வழியில் மாண்டோர் போக எஞ்சி மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களே அதனைப் பெரிதும் உண்டனர். தோட்டம் கொடுத்த அரிசியின் விலை அவர்தம் கூலியிற் கழிக்கப்பட்டது. நெல் விளைத்த சிங்களக் குடியானவனும் அரிசி வாங்கியுண்ட தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த மலைச்சரிவுகளில், அரசின் கணக்கேடு அவ்விருவரின் சோற்றையும் அருகருகே எழுதிவைத்திருந்தது.