கம்பளை வழக்கும் இராணுவ நீதிமன்றமும்

1915 கலவரத்தைப் பற்றி எழுதும் நம்மவர்கள் எரிந்த கடைகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கு சிறியதல்ல. அரச அறிக்கைகளின்படி 25 சோனகர் கொல்லப்பட்டனர். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. ஆயினும் அதற்குப் பின்னர் நீதியின் பேரால் நடந்தவற்றையும் நாமே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

பிணக்கு ஒரு வழக்காகத்தான் தொடங்கியது. கம்பளை வல்லஹகொட தேவாலயத்துப் பெரஹரா, கரையோரச் சோனகரின் பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் அடிக்கலாமா என்பது கேள்வி. 1815 கண்டி ஒப்பந்தத்தை ஆதாரமாகக் கொண்டு, கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. தோற்றவர்கள் இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகவும் வழியிருந்தது. மேளச் சத்தத்துக்கு மூன்று படிகள்!

மே 28 வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலவரம் ஒன்பது நாட்களளவில் ஓய்ந்துவிட்டது. ஆனால் ஜூன் 2 இல் தேசாதிபதி சேர் ரொபர்ட் சால்மர்ஸ் பிறப்பித்த இராணுவச் சட்டம் ஓகஸ்ட் இறுதிவரை நீடித்தது. சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்க, மக்கள் இராணுவ அதிகாரிகளின் முன் நிறுத்தப்பட்டனர். ஜூரிமார் இல்லை, மேன்முறையீடு இல்லை. கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ் இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஜூலை 7 இல் வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 26. நாடு அமைதியாகி ஒரு மாதம் கழிந்திருந்தது. மேளத்துக்கிருந்த படிகளில் ஒன்றாவது அந்த இளைஞனுக்கு இருக்கவில்லை.

தடுத்து வைக்கப்பட்டிருந்த டபிள்யூ. ஏ. டி சில்வாவின் சார்பில் உயர் நீதிமன்றத்தை நாடியும் பலன் கிட்டவில்லை. கம்பளை வழக்கில் கீழ்நீதிமன்றத்தைத் திருத்தத் தயங்காத அதே மன்று, துப்பாக்கிக்கு முன் ஒதுங்கி நின்றது. போதாதற்கு, அதிகாரிகள் மீது வழக்குத் தொடர முடியாதபடி இலண்டனிலிருந்து காப்பீட்டுக் கட்டளையும் வந்தது. குற்றஞ்செய்தவர் யாரெனப் பாராமல் சிங்கள ஊர்களிடமிருந்து நட்டஈடு அறவிடப்பட்டது. அந்த நட்டஈடு நமது வியாபாரிகளின் பெயரால் அறவிடப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் இவற்றைக் கண்டித்துப் பேசினார். 1916 இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். சோனகரின் துயரத்துக்கு அவர் உரிய இடம் கொடுக்கவில்லை என்ற மனக்குறை நம் சமூகத்தில் தலைமுறைகளாக உண்டு. அந்தக் குறை எனக்கும் உண்டு. 1888 இல் நம் இனத்துவத்தைப் பற்றி அவர் சொன்னதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் இயங்கும்போது இராணுவம் தீர்ப்பளிக்கலாமா என்ற அவரது கேள்வி நியாயமானது. கடையை எரித்தவனுக்கும் முறையான விசாரணை வேண்டும். அப்போதுதான் எரித்தவன் யார் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

2024 இல், 109 ஆண்டுகள் கழித்து, பேதிரிஸுக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கப்பட்டது. வழக்கை எந்த நீதிமன்றமும் மீள விசாரிக்கவில்லை.