டார்ட்டியா அம்மாவின் கையெழுத்து

அமெரிக்க ஒரு டாலர் நோட்டு எப்போதாவது கையில் கிடைத்தால், ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். இடது பக்கம் கீழே பொடியாக ஒரு கையெழுத்து இருக்கும். அந்த நாட்டுக் கருவூலருடையது. '1969 டி' வரிசை நோட்டு என்றால், அங்கே ரொமானா அகோஸ்டா பன்யுவேலோஸ் என்று இருக்கும்.

யார் இந்த அம்மா? லாஸ் ஏஞ்சலிஸில் டார்ட்டியா சுட்டு விற்றவர். மக்காச்சோள மாவில் செய்யும் மெக்சிகோ ரொட்டிதான் டார்ட்டியா. சரி, அதற்கு முன்னால்? அதே அமெரிக்கா மூட்டை கட்டி வெளியே அனுப்பிய ஒரு குடும்பத்துக் குழந்தை!

ரொமானா பிறந்தது 1925-ல், அரிசோனா மாநிலத்தின் ஒரு சுரங்க ஊரில். பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். ஆனால் பெற்றோர் மெக்சிகோக்காரர்கள். 1929-ல் பங்குச் சந்தை கவிழ்ந்து பெருமந்தம் வந்தது. வேலை இல்லை. வேலை இல்லாத ஊரில் முதலில் தேடுவது யாரை? 'வெளியூர்க்காரன் எவன்' என்றுதான் தேடுவார்கள். லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ரொமானா போன்ற அமெரிக்கக் குடிமக்கள் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கணக்கு. இதற்காக கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2005-ல்!

மெக்சிகோவில் ரொமானாவின் அம்மா எம்பனாடா என்ற பலகாரம் செய்து கடைகளுக்கு விற்றார். பக்கத்தில் இருந்து பார்த்தே பெண் வியாபாரம் கற்றுக்கொண்டாள். சின்ன வயதில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கணவரோடு பிரிவு. பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இறங்கியபோது கையில் ஏழே ஏழு டாலர் என்று சொல்வார்கள். கிடைத்த வேலை எல்லாம் பார்த்தார், சேமித்தார். 1949-ல் ஒரு டார்ட்டியா மிஷின், ஒரு அரைவை இயந்திரம், ஒரு மின்விசிறி. அவ்வளவுதான் ஃபேக்டரி! அதுதான் பிறகு 'ரமோனா' என்ற பெயரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த உணவு கம்பெனி ஆனது.

இத்தோடு நின்றிருந்தால் இது வழக்கமான 'உழைத்தால் உயரலாம்' கதை. அடுத்து அவர் செய்ததுதான் விஷயம்.

சிறு வியாபாரி சாய்வது பெரும்பாலும் சரக்கு மோசமாக இருப்பதால் இல்லை. சமயத்தில் கையில் காசு இல்லாததால். பேங்குக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள், பழைய கணக்கு கேட்பார்கள். நேற்று கடை போட்டவனிடம் பழைய கணக்கு ஏது? அதிலும் ஸ்பானிஷ் பேசுகிற, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் விலாசம் உள்ள ஆசாமி என்றால் மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவாரா? பார்த்தார் ரொமானா. இன்னும் சிலரோடு சேர்ந்து 1964-ல் அதே கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பான் அமெரிக்கன் நேஷனல் பேங்கைத் தொடங்கிவிட்டார். எங்கள் ஆட்கள் பணம் போட, எங்கள் ஆட்கள் கடன் வாங்க, எங்கள் தெருவிலேயே ஒரு பேங்க்! கையில் காசு சேர்ந்தால்தான் அரசியலிலும் குரல் எடுபடும் என்பது அந்த அம்மாவின் தீர்மானமான எண்ணம்.

குரல் எடுபட்டது. 1971-ல் ஜனாதிபதி நிக்சன் அவரைக் கருவூலராக நியமிப்பதாக அறிவித்தார். சும்மா விடுவார்களா? அடுத்த சில வாரங்களில் குடியேற்றத் துறை அவர் ஃபேக்டரியில் ரெய்டு நடத்தி, அனுமதி இல்லாமல் வேலை பார்த்த 36 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. ஒரு காலத்தில் தானே அனுப்பப்பட்டவர், இப்போது அனுப்பப்படுகிறவர்களின் முதலாளி! பத்திரிகைகள் கிழித்தன. அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைப்பது 1986 வரை மத்திய சட்டப்படி முதலாளிக்குக் குற்றமே இல்லை. ஆனாலும், தன் இனத்து ஏழைகளைக் குறைந்த கூலிக்கு வைத்திருந்தாரா என்ற கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. செனட் விசாரித்து அவர் நியமனத்தை ஏற்றது. டிசம்பரில் பதவியேற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஹிஸ்பானியர் அவர்தான். 1974 வரை டாலரில் அவர் கையெழுத்து.

ஒரு ஆள் ஜெயித்தால் போதுமா? போதாது என்று 1979-ல் கிளம்பினார்கள் வேறு சிலர். அரசாங்க கான்ட்ராக்டுகளில் சிறுபான்மையினர் கம்பெனிகளுக்குப் பங்கு தரும் ஏற்பாட்டுக்கு 1978-ல்தான் முறையான சட்டம் வந்திருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் ஆச்சா? டெண்டர் எங்கே வருகிறது, எப்படி நிரப்புவது, யாரைப் பார்ப்பது என்று டாக்கோ கடைக்காரருக்கு யார் சொல்லுவது? அந்த வேலைக்குப் பிறந்ததுதான் அமெரிக்க ஹிஸ்பானிய வர்த்தக சபை. தொடங்கியவர்களில் முக்கியமானவர் கான்ஸாஸ் சிட்டியின் ஹெக்டர் பரேட்டோ. மெக்சிகோவிலிருந்து வந்து, உருளைக்கிழங்கு தோண்டி, பிறகு ஹோட்டல் நடத்தியவர். பெரிய கம்பெனிகளிடம், 'எங்களிடமும் சரக்கு வாங்குங்கள்' என்று கேட்பது. வாஷிங்டனில் கதவு தட்டுவது. இதுதான் சபையின் அன்றாட வேலை.

தட்டிய கதவு எவ்வளவு திறந்தது? சிறுதொழில்களைக் கவனிக்கும் மத்திய நிர்வாகத்துக்கு 1997 முதல் 2025 வரை வந்த தலைவர்களில் ஐந்து பேர் ஹிஸ்பானியர்கள். 2001-ல் வந்தவர் பரேட்டோவின் மகன்! 2014-ல் வந்த மரியா கான்ட்ரெராஸ் ஸ்வீட், ரொமானா வழியிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பேங்க் தொடங்கியவர். இன்று நாடு முழுக்க ஹிஸ்பானியர் நடத்தும் தொழில்கள் 50 லட்சத்தை நெருங்குகின்றன என்கிறது சபை.

ஆனால், திறந்த கதவு மூடவே மூடாது என்று நினைத்துவிடாதீர்கள். நிக்சன் 1969-ல் சிறுபான்மையினர் தொழிலுக்காக ஓர் அலுவலகம் ஏற்படுத்தினார். 2021-ல்தான் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. நாலே வருஷம். 2025 மார்ச்சில், அதை முடிந்தவரை சுருக்கச் சொல்லி ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார்.

அரசாங்கம் கொடுத்ததை அரசாங்கமே ஒரு கையெழுத்தில் திரும்ப எடுக்கப் பார்க்கும். அதனால்தான் ரொமானா மனு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், முதலில் பேங்க் தொடங்கினார். 2018-ல் 92 வயதில் அவர் காலமானார். அந்த பேங்கின் கட்டடம் அதற்கு முந்தைய வருடமே தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.