இரண்டு பட்டியல்களில் பிறந்த சொல்

சர்வாதிகாரம் என்ற தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றைப் பாடம் நடத்தியவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். ஒரு ராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்து நாடாளுமன்றத்தைக் கலைத்தால் அதுவும் சர்வாதிகாரம். பள்ளிக் குழந்தையின் கட்டுரை நோட்டு முதல் அண்டை வீட்டாரின் பேச்சு வரை கண்காணிக்கிற ஸ்டாலினின் அரசும் சர்வாதிகாரம். இவை இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஐரோப்பிய மொழிகளில் தனிப்பெயர் உண்டு: தொத்தலித்தாரியோ என்று இத்தாலிய மொழியிலும், டோட்டாலிடேரியன் என்று ஆங்கிலத்திலும். அந்தப் பெயர் பிறந்த இடம் யாரும் எதிர்பார்க்க முடியாத அளவுக்குச் சின்னது. ஒரு நகராட்சித் தேர்தல்.

முசோலினி பிரதமராகி ஏழு மாதம்கூட நிறையாத காலம். ரோமில் வெளிவந்த இல் மோந்தோ நாளிதழின் 1923 மே 12 இதழில் ஜொவான்னி அமெந்தோலா ஒரு கட்டுரை எழுதினார். மிதவாத ஜனநாயகவாதி, அமைச்சராக இருந்தவர், மெய்யியல் படித்தவர். அன்றைய இத்தாலிய உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான இடங்கள் வென்ற அணிக்குப் போகும்; எஞ்சிய சில, சிறுபான்மை அணிக்கு. எதிர்க்குரல் ஒன்றாவது மன்றத்துக்குள் ஒலிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஃபாசிஸ்டுகள் பெரும்பான்மைக்கு ஒரு பட்டியலும் சிறுபான்மைக்கு இன்னொரு பட்டியலும் கொடுத்தார்கள். இரண்டிலும் அவர்களுடைய ஆட்களே. ஆளும் இருக்கையும் அவர்களுக்கு. எதிர்க்கும் இருக்கையும் அவர்களுக்கு.

இதற்கு என்ன பெயர் வைப்பது? பெரும்பான்மை முறைக்கு மஜ்ஜொரித்தாரியோ என்ற சொல் இருந்தது, சிறுபான்மை முறைக்கு மினொரித்தாரியோ. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை அமெந்தோலா நிறுத்தினார். தொத்தலித்தா என்றால் முழுமை. அதோடு அதே விகுதி சேர, தொத்தலித்தாரியோ. முழுவதையும் எடுத்துக்கொள்ளும் முறை. பொருள் அவ்வளவுதான். தேர்தல் கணக்கைச் சுட்டும் ஒரு கலைச்சொல்லாகத்தான் அது பிறந்தது.

ஆனால் அவருடைய கையிலேயே அது வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், முதலிடம் பெறும் பட்டியல் கால்பங்கு வாக்கு பெற்றாலே நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களை அள்ளித்தரும் அசெர்போ சட்டம் நிறைவேறியது. அந்த மாதம் அமெந்தோலா மீண்டும் அச்சொல்லை எடுத்தபோது இருக்கைகளைப் பற்றிப் பேசவில்லை. இந்த இயக்கத்துக்கு நம் கீழ்ப்படிதல் போதாது, நம் மனச்சாட்சியும் வேண்டும், இது நடத்துவது ஒரு மதப்போர் என்றார். ஆறே மாதத்தில் ஒரு சொல் மன்ற அறையிலிருந்து மனிதனின் உள்ளத்துக்குள் நுழைந்துவிட்டது. மொழியில் இவ்வளவு விரைவான பொருள் மாற்றம் அரிது. நாட்டில் நிகழ்ந்ததன் விரைவு அது.

பெயரடையாக இருந்த சொல்லைப் பெயர்ச்சொல்லாக, தொத்தலித்தாரிஸ்மோ என்று அச்சில் கொண்டுவந்தவர் லேலியோ பாஸ்ஸோ. வயது இருபத்தொன்று. இளைஞர் பியெரோ கொபெத்தி நடத்திய லா ரிவொலூசியோனே லிபெராலே என்ற இதழில், 1925 ஜனவரித் தொடக்கத்தில், புனைபெயரில் எழுதினார். சோசலிச உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டு ஏறக்குறைய ஏழு மாதம் ஆகியிருந்தது. நாடாளுமன்றத்தில் அந்தப் பொறுப்பை முசோலினி நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டதும் அதே ஜனவரியில்தான்.

இதுவரை அது வசைச்சொல். இங்கேதான் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் நடுங்க வைக்கும் திருப்பம் வருகிறது. 1925 ஜூன் 22-இல் ரோமில் நடந்த கட்சி மாநாட்டில் முசோலினி அந்த வசையை எடுத்துப் பதக்கமாக மார்பில் குத்திக்கொண்டார். எங்களுடையது மூர்க்கமான தொத்தலித்தாரியா மன உறுதி என்று எதிரிகள் சொல்கிறார்களே, அதே உறுதியோடுதான் தொடரப்போகிறோம் என்று முழங்கினார். அக்டோபரில் மிலானில் அதற்கு விளக்கமும் வந்தது: எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே எதுவும் இல்லை, அரசுக்கு எதிராகவும் எதுவும் இல்லை. 1932-இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் முசோலினி பெயரில் வெளிவந்த ஃபாசிசம் பற்றிய பதிவில் அச்சொல் பட்டம் சூட்டிக்கொண்டு அமர்ந்தது. அதன் முதற்பகுதியை உண்மையில் எழுதியவர் ஜொவான்னி ஜென்தீலே என்ற மெய்யியல் பேராசிரியர்.

அந்த ஜூன் மாநாடு முடிந்து ஒரு மாதம் நிறையவில்லை. தஸ்கனியில் மொந்தெகாத்தினி அருகே இரவுச் சாலையில் அமெந்தோலாவின் காரை மறித்து ஃபாசிஸ்டுக் கும்பல் தடிகளால் அடித்தது. அவர் அதிலிருந்து மீளவேயில்லை. 1926 ஏப்ரலில் பிரான்சின் கான் நகரில் இறந்தார். கொபெத்தி அதற்கு இரண்டு மாதம் முன்பே பாரிஸில் இறந்திருந்தார், அவரும் அடிபட்டவரே, இருபத்துநான்கு வயதில். வரலாற்றுப் பாடநூல்களில் இந்தச் சொல்லுக்கு எதிரே முசோலினியின் படம்தான் இருக்கிறது. பெயரிட்டவரின் படத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

முசோலினியைப்போல அதைப் பெருமையோடு எல்லோரும் சூடிக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் கார்ல் ஷ்மிட் முழுமை அரசு என்று எழுதிப் பார்த்தார். 1934-இல் நாஜிக் கட்சியின் ரோசன்பெர்க் அந்தத் தொடர் நமக்கு வேண்டாம் என்றார்; நாஜிகளுக்கு அரசைவிட இனமும் கட்சியும் பெரியவை. சோவியத் ஒன்றியத்தை அப்பெயரால் அழைத்தவர்களில் ஒருவர் விக்தோர் செர்ஜ், புரட்சிக்காகவே வாழ்ந்தவர். 1933 பிப்ரவரியில் பாரிஸ் நண்பர்களுக்குக் கடிதத்தில் எழுதினார். மார்ச்சில் கைதானார், பிறகு உள்நாட்டிலேயே ஓரென்பர்குக்குக் கடத்தப்பட்டு அங்கே கட்டாயமாகக் குடிவைக்கப்பட்டார். 1951-இல் ஹன்னா ஆரெண்ட் தம் பெரிய நூலில் இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தபோது ஹிட்லர், ஸ்டாலின் ஆட்சிகளை உள்ளே வைத்து, முசோலினியின் ஆட்சி வெறும் ஒருகட்சிச் சர்வாதிகாரம் என்று வெளியே நிறுத்தினார். அங்கே அரசரும் இருந்தார், போப்பும் இருந்தார். அரசுக்கு வெளியே ஏதோ மிச்சம் இருந்தது.

தமிழுக்கு வருவோம். நம்முடைய சர்வாதிகாரி வேறு வழியில் வந்தவர். வங்கத்தில் அது குடும்பப்பெயர். திருவிதாங்கூரில் சர்வாதிகார்யக்காரர் என்று ஒரு பதவிப்பெயர். 1930களில் தமிழ்நாட்டில் அது மதிப்பான சொல்லாகக்கூட இருந்தது. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முதல் சர்வாதிகாரி, அடுத்த சர்வாதிகாரி என்று வரிசையாக நியமித்தார்கள். ஒருவர் சிறைக்குப் போனதும் அடுத்தவர் முன்வருவார். ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்த அதே ஆண்டில் இங்கே சர்வாதிகாரி என்றால் சிறைக்குப் போக நிற்பவர். 1951-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதே பெயரில் எம்.ஜி.ஆரை வைத்துப் படம் எடுத்தபோது சொல் இன்றைய பொருளுக்கு வந்துவிட்டிருந்தது.

சர்வ என்பதிலும் முழுமை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது அதிகாரத்தின் முழுமை, எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் என்பது. தொத்தலித்தாரியோ சொல்வது எல்லா வாழ்வும் ஒரே பிடியில் என்பதை. அதற்கு முற்றதிகாரம் என்ற சொல்லை நான் வேண்டுகிறேன். முற்றுதல் என்றால் நிறைதல் மட்டுமல்ல, வளைத்தலும்தான். உழிஞைத் திணையில் தொல்காப்பியர் கோட்டையை வளைப்பதற்கு ஆண்ட வினை அது; முற்றுகை அதன் பிள்ளை. முற்றுகையிட்டவன் வாயிலை மட்டும் மறிப்பதில்லை, அகழியோரம் நின்று தண்ணீர் வரும் வழியையும் அடைக்கிறான். பெரும்பான்மைக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டு, சிறுபான்மைக்கான பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்களே, அவர்கள் அன்று செய்தது அதைத்தான்.