வாகனப் புகை: எரிபொருளும் மாறியதால் கிடைத்த பலன்

சாலையில் செல்லும் கார்களின் புகை இன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த மாற்றத்திற்கு இயந்திரம் மட்டும் காரணமன்று; எரிபொருளும் சேர்ந்து மாறியதே காரணம்.

1943ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. முதலில் தொழிற்சாலைமீது பழி விழுந்தது. வாகனப் புகையிலும் பெட்ரோல் ஆவியிலும் உள்ள வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால் அது உருவாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் கண்டறிந்தார்.

ஈயம் தந்த தடை

1970ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதனால் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக இடம்பெற்றது. புகைபோக்கிக் குழாயில் பொருத்தப்படும் இக்கருவியில் உள்ள பிளாட்டினம் போன்ற உலோகங்கள், நச்சான கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றுகின்றன.

ஆனால், இயந்திரத்தில் 'தட்டல்' ஏற்படாதிருக்க 1920களிலிருந்து பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம், அந்த உலோகங்கள்மீது படிந்து கருவியைச் செயலிழக்கச் செய்தது. எனவே ஈயமற்ற பெட்ரோல் கட்டாயத் தேவையானது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயம் காற்றிலும் குறைந்தது.

சிங்கப்பூரில் 1991ல் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 1998 ஜூலை 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது.

டீசலில் கந்தகம்

டீசல் வாகனங்களில் கந்தகம் சிக்கலானது. அது புகையில் உள்ள நுண்துகள்களை அதிகரிப்பதோடு, புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளின் திறனையும் குறைக்கிறது.

அதனால் இங்கும் எரிபொருளே முதலில் மாறியது. கந்தகம் மிகக் குறைந்த டீசல் 2005 டிசம்பரில் கட்டாயமானது. புதிய டீசல் வாகனங்களுக்கான 'யூரோ 4' தரநிலை 2006 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. 'யூரோ 6' 2018ல் வந்தது.

விதிகள் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2015ல் வெளியான ஃபோக்ஸ்வாகன் மோசடி காட்டியது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் அதன் டீசல் கார்களில் இருந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் சாலையில் ஓட்டியும் சோதிக்கிறார்கள்.

அடுத்த கெடு

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய முடியாது. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் இயங்கவேண்டும் என்பது இலக்கு.

அதற்கு முன்பே பழைய மோட்டார்சைக்கிள் உரிமையாளர்களுக்கு ஒரு கெடு இருக்கிறது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் பொதுவாக 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்குள்ள சாலைகளில் ஓட அனுமதி இல்லை. பெட்ரோல் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், புகையைச் சுத்திகரிக்க வழியில்லாத பழைய இயந்திரத்தால் இன்றைய தரநிலையை எட்ட முடியாது.