தென்னார்க்காடு: பெயர் மறைந்த கடலோர மாவட்டம்

ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பகுதியில் உருவானது தென்னார்க்காடு மாவட்டம். தலைமையிடம் கடலூர். கிழக்கே வங்கக்கடல், மேற்கே கல்வராயன் மலை, தெற்கே கொள்ளிடம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகிய ஆறுகள் இங்கே கடலில் கலக்கின்றன.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது உடன்பாடு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயர்கள் அதை இன்றும் நினைவூட்டுகின்றன. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதும், புனித டேவிட் கோட்டை எனப்பட்ட இதுவே 1752 வரை சோழமண்டலக் கடற்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார்.

தெற்கே வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை. 1781-இல் ஹைதர் அலியை அயர் கூட் தோற்கடித்தது இவ்வூர் அருகேதான். அதற்கும் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தை இங்கே காணலாம். விழுப்புரம்–மயிலாடுதுறை இருப்புப்பாதையில் செல்வோர் கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் ஆகிய ஊர்களை ஒரே பயணத்தில் பார்க்கலாம். கிள்ளையிலிருந்து பிச்சாவரம் அருகில்தான்.

1993-இல் மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. எனவே பழைய நூலிலோ பத்திரத்திலோ ‘தெ.ஆ. மாவட்டம்’ என்று கண்டால், அந்த ஊரை இம்மூன்று மாவட்டங்களிலும் தேட வேண்டும். கடலூரில் மட்டும் தேடினால் செஞ்சிக் கோட்டைகூட அகப்படாது.